பிரேம் கடைத் தம்பிக்கு, அந்த வெள்ளைக் கோடு பற்றி

அன்புள்ள தம்பி,

போன வாரம் தர்மபுரியில் உங்கள் கடையில் என் ஒகேனக்கல் ஓவியத்துக்குப் பிரேம் போட்டு வாங்கிப்போன அக்கா எழுதுகிறேன். வேலையில் குறையில்லை. மவுண்ட்டை, அதாவது படத்தைச் சுற்றி வைக்கிற நடு வெட்டிய அட்டையை, இவ்வளவு சுத்தமாகச் சாய்த்து வெட்டுகிற கை சுலபத்தில் வாய்க்காது.

சுவரில் மாட்டியதும்தான் உறுத்தியது. கர்நாடகத்தில் அணை திறந்து, காவிரி செம்மண்ணாய் இறங்கிய நாளில் வரைந்த படம் அது. நுரைக்காக மட்டும் தாளைத் தீட்டாமல் விட்டிருந்தேன். இப்போது கண் நுரைக்குப் போவதில்லை, மவுண்ட்டின் வெட்டு விளிம்புக்குப் போகிறது. அட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் 45 டிகிரியில் வெட்டும்போது உள்ளிருக்கும் வெள்ளை 2 மில்லிமீட்டருக்குத் தெரிகிறது. நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு!

உள்ளே கறுப்பாக இருக்கும் அட்டையும் உண்டுதான். இந்தப் படத்துக்குப் போட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆகிவிடும். அதனால் விளிம்புக்கு நிறம் தீட்டலாம் என்று நினைத்தேன்.

நடுவிலிருந்து விழுந்த துண்டைக் கேட்டு வாங்கினேனே, அதில்தான் பழகினேன். சாய்வு அடிப்பக்கம் இருக்கும். திருப்பிப் போட்டுக்கொண்டால் சரி. முதலில் வாட்டர் கலரை வழக்கம்போல் நீர்க்கத் தொட்டு இழுத்தேன். அட்டையின் உள்பக்கம் மை ஒற்றும் தாள் மாதிரி, ஒரே உறிஞ்சு. மேல்தாளுக்கு அடியிலும் ஊறி, மீசை மீசையாகக் கசிந்தது. அப்புறம் அக்ரிலிக். தட்டைத் தூரிகையைத் துணியில் துடைத்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற பதத்தில் இரண்டு தடவை தீட்டினேன். கசியவில்லை. மூலையில் மட்டும் கவனம்: கத்தி ஒரு மயிரிழை தாண்டி வெட்டியிருந்தாலும் நிறம் அந்தக் கீறலில் ஓடிவிடுகிறது. மூலைக்குச் சற்று முன்பே நிறுத்தி, மிச்சத்தைத் தூரிகை நுனியால் தொட்டு வைக்க வேண்டும்.

நிறத்திலும் ஏமாந்தேன். ஆற்றின் செந்நிறத்தையே எடுத்தேன், ரிப்பன் கட்டியது போல் இருந்தது. நனைந்த பாறையின் மங்கிய பழுப்பு வைத்ததும் கோடு அடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை படத்தோடு வருகிறேன். பின்பக்க டேப்பைப் பிரித்து, மவுண்ட்டை வெளியே எடுத்துக் கொடுங்கள், தீட்டுவது என் பாடு. அன்றே கண்ணாடி போட வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிவிடும். ஒரு ராத்திரி காயட்டும். வாசலோரம் வெளிச்சத்தில் ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுவையுங்கள்.

அன்புடன்,
அக்கா