107 டிகிரியிலிருந்து இறக்கிவிட்ட உங்கள் எல்லோருக்கும்

வணக்கம்.

கிராபிக்ஸ் கார்டு பிழைத்துக்கொண்டது. நான் போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டவர்களுக்கு இது பழைய செய்தி. ஆனால் உங்களில் பலருக்கு, தான் சொன்ன ஒரு வார்த்தையை அடுத்தவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது தெரியாது. ஊர் கூடி இழுத்த தேர் இது. யார் எந்த வடத்தைப் பிடித்தீர்கள் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லி நன்றி கூறுவதுதான் முறை.

கார்டின் நிலைமை முழுதாகத் தெரியாதவர்களுக்காக: பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் புதிது, கார்டு மட்டும் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. 320 வாட் வரை இழுக்கும், மூன்று ஃபேன் உள்ள பெரிய கார்டு. படம் பார்த்தால், எழுதினால், ஒரு குறையும் இல்லை. விளையாட்டைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் அலறத் தொடங்கும், ஃப்ரேம் (வினாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) சரியும். சில சமயம் திரை கறுத்துப்போய் ஃபேன்கள் மட்டும் உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

முதல் நன்றி கல்லூரித் தோழனுக்கு. மற்ற எல்லோரும் உடனே வைத்தியம் சொன்னபோது, "சூடாகுது சூடாகுதுன்னா எப்படி? எவ்வளவுன்னு சொல்லு" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். வெப்ப அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு, விளையாடும் நேரம் முழுவதும் பதிவு எடுத்து அனுப்பச் சொன்னான். கார்டின் பொது வெப்பம் 76 டிகிரி. அதை மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரண்டு வரி கீழே ஹாட்ஸ்பாட் 107. கார்டின் முக்கியச் சிப்பில் பல இடங்களில் உணரிகள் இருக்கின்றன, அவற்றில் மிக அதிகமாகச் சுடும் இடத்தின் அளவுதான் ஹாட்ஸ்பாட். இரண்டுக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருப்பது வழக்கம். இங்கே 31.

அவன் அதோடு விடவில்லை. கார்டிலேயே இருக்கும் மெமரியின் வெப்பத்தைக் கேட்டான். 82 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மெமரி ஏன்டா இவ்வளவு நல்லா இருக்கு?" என்றான். ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி உள்ள கார்டுகளில் 95, 100 எல்லாம் சாதாரணமாகப் பார்க்கலாம், 110-ஐத் தொட்டால்தான் வேகத்தைக் குறைக்கும். சிப் கொதிக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் மெமரி சுகமாக இருப்பது அவனுக்கு இடித்தது. அந்தக் கேள்வியின் அருமை கார்டைத் திறந்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. வியாதியின் பெயரையே அன்று அவன் சொல்லிவிட்டான், பெயர் என்று தெரியாமல்.

பெரியப்பா பையன் அண்ணன், கேபினட்டைப் பார்க்க நேரிலேயே வந்ததற்கு நன்றி. முன்பக்கக் கண்ணாடிதான் காற்றை அடைக்கிறது என்று அடித்துச் சொன்னவர்கள் நாலைந்து பேர். சந்தேகம் நியாயமானதுதான், முன்னால் முழுக் கண்ணாடியைப் போட்டு ஓரத்தில் மட்டும் கீறல் விட்ட கேபினட்டுகள் அழகுக்கு மட்டுமே உதவும் என்பது என் கருத்தும். அண்ணன் வாதம் செய்யவில்லை. டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு ஃபேன் முன்னாலும் பிடித்துப் பார்த்தார். முன்னால் உள்ளே இழுத்தது, பின்னாலும் மேலேயும் வெளியே தள்ளியது. பிறகு பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவைத்துவிட்டு அதே விளையாட்டை அதே இடத்தில் ஓடவிட்டார். ஹாட்ஸ்பாட் 3 டிகிரிதான் இறங்கியது. கேபினட் மூச்சுத் திணறினால் பலகையைக் கழற்றியதும் இதைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். "காத்து வருதுடா தம்பி, கார்டுதான் வாங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். புது கேபினட் வாங்கும் செலவு அத்தோடு தப்பியது.

மேசை மின்விசிறியைத் திறந்த கேபினட்டின் முன் வைக்கச் சொன்ன நண்பருக்கும் நன்றி. திரை கறுப்பது குறைந்தது என்பது உண்மை. தலைவலி அதிகமானது என்பதும் உண்மை.

தன் கம்ப்யூட்டரைப் பிரித்து, அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் கொடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கு என்ன சொல்வது? திரை கறுத்து ஃபேன் மட்டும் சுற்றினால் மின்சாரம் போதவில்லை என்று நினைக்க இடமுண்டு. இந்த அளவுக் கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும், பலவீனமான எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காமல் படுத்துவிடும். அவனுடைய 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பூட்டி, ஒரே கேபிளின் இரண்டு முனைகளைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள்களைச் செருகி ஓட்டினோம். அதே 107, அதே கறுப்புத் திரை. அவன் விளையாடாமல் கழித்த நாட்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். தனித்தனிக் கேபிள் போடும் பழக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

கேபினட்டைப் படுக்கவைத்துப் பார்க்கச் சொன்ன அலுவலக நண்பருக்கு: சிரித்தவர்கள் சார்பில் மன்னிப்பு. அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சிலவற்றில், வெப்பத்தைக் கடத்தும் ஆவி அறைக்குள் போதிய நீர் இல்லாமல் ஹாட்ஸ்பாட் 110 வரை போனது. கார்டு எந்த வாக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெப்பம் மாறியதுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. என் கார்டு நின்றாலும் படுத்தாலும் ஒரே மாதிரி கொதித்தது. சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் குழாய்கள்மீது இருந்த சந்தேகம் தீர்ந்தது.

இனி, மின்னணுப் பழுது பார்க்கும் அண்ணன். எல்லோரும் "பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், மாத்தினா சரியாயிடும்" என்றுதான் சொன்னோம். சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பம் கடக்க நடுவில் தடவும் பசைதான் பேஸ்ட். அந்தச் சந்தேகம் பல கார்டுகளுக்குப் பொருந்தும். சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிந்து சுருங்குவதில் பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். அண்ணன் நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினார். ஹீட்சிங்கை இழுக்கவில்லை, லேசாகத் திருகி விரலளவு மட்டும் தூக்கினார். உள்ளே ஃபேன் கேபிளின் சின்னக் கனெக்டர் மாட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டுத் தூக்கினால் சாக்கெட் போர்டோடு பெயர்ந்து வரும் என்றார். அதைக் கழற்றிய பிறகுதான் முழுதாகத் திறந்தார்.

பேஸ்ட் காயவே இல்லை. புத்தம் புதிதாக, ஈரமாக இருந்தது.

மற்றவர் யாராக இருந்தாலும் அதைத் துடைத்துவிட்டு வேறு பேஸ்ட்டைத் தடவி மூடியிருப்பார். அண்ணன் துடைக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துச் சிப்பின் மேல் பதிந்திருந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் பேஸ்ட் மெலிந்து, அடியில் இருக்கும் சிலிக்கானின் பளபளப்பு தெரிந்தது. எதிர்மூலையில் பிதுங்காமல் தடவிய கனத்திலேயே நின்றது. ஹீட்சிங்க் சிப்பின் மேல் சமமாக உட்காரவே இல்லை. அதன்பின், மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த அதன் மேல் ஒட்டியிருந்த மெத்தை போன்ற தெர்மல் பேடைப் பிய்த்து வெர்னியர் காலிப்பரில் வைத்தார். 2 மி.மீ. முன்பு வைத்திருந்தவர் யாரோ பேடை மாற்றியிருக்கிறார், கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கலாம். அந்தப் பேடுகள் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டன. மெமரிக்கு நல்ல அழுத்தம், அதனால் 82. சிப்புக்கு அரைகுறைத் தொடுகை, அதனால் 107. கல்லூரித் தோழன் கேட்ட கேள்விக்கு விடை அது.

சரியான கனத்தை அண்ணன் கண்டுபிடித்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். பழைய பேடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, மெமரி சிப் ஒன்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணில் ஒரு உருண்டையை அதன்மேல் வைத்து, ஹீட்சிங்கை முழுதாக முடுக்கித் திரும்பத் திறந்தார். நசுங்கிய களிமண் 1.2 மி.மீ. அதைவிடச் சற்றுக் கனமாக, அழுத்தினால் அமுங்கும் மென்மையான 1.5 மி.மீ. பேட் போதும் என்றார். நான் அதிக வெப்பக் கடத்துதிறன் எழுதியிருந்த ஒன்றைக் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்து, "இது கல்லு மாதிரி இருக்கு, மறுபடியும் தூக்கிரும்" என்று தள்ளிவைத்தார். பேட் வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புது பேஸ்ட் தடவி மூடினார். மூடுவதற்கு முன் ஒருமுறை முடுக்கித் திறந்து நான்கு மூலையிலும் தடம் சமமாக இருக்கிறதா என்று பார்த்ததும், அதற்காக இன்னொரு முறை பேஸ்ட் தடவியதும் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பணம் வாங்க மறுத்தார் என்பதையும் இங்கே போட்டுவைக்கிறேன், அடுத்த முறை மறுக்க முடியாதபடி.

அன்று இரவே ஹாட்ஸ்பாட் 88. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேலை செய்யும் இடத்து அக்கா விடவில்லை. "வோல்டேஜைக் குறைக்காம என்ன விளையாட்டு?" என்று போனிலேயே உட்காரவைத்து கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறக்கச் சொன்னார்கள். கண்ட்ரோல்-எஃப் அழுத்தினால், எந்த வோல்டேஜில் சிப் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று காட்டும் வளைவு வரும். 875 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளதை எல்லாம் அதே மட்டத்துக்குத் தட்டையாக்க வேண்டும். சிப் எரிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் கொஞ்சம் குறைத்தாலே நிறைய மிச்சமாகும். 320 வாட் 250-க்கு இறங்கியது. ஃப்ரேமில் வந்த குறைவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் இந்த எண் மாறும், என்னுடையதை அப்படியே போடாதீர்கள் என்று அக்கா எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

கடைசி ஆள் அக்கா மகன். விளையாடும்போதுகூட அமைதியாக இருக்கும் கார்டு, விளையாட்டின் முதல் மெனுவில் மட்டும் இரைகிறது என்று கவனித்தவன் அவன். மெனுவில் வரைய ஒன்றுமே இல்லை, கட்டுப்பாடும் இல்லை. கார்டு வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் ஃப்ரேம் தள்ளிக்கொண்டிருந்தது. மானிட்டர் காட்டுவதோ 144. ஃப்ரேம் வரம்பை 141-இல் வைத்தான். பெரியவர்கள் யாருக்கும் தோன்றாதது.

இப்போது பொது வெப்பம் 68, ஹாட்ஸ்பாட் 80, மெமரி 86. மெமரி ஏறிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: ஃபேன்கள் முன்பைவிடப் பாதி வேகத்தில் சுற்றுகின்றன, அது பரவாயில்லை. திரை கறுக்கவே இல்லை.

எஸ்எம்பிஎஸ் துடைத்துத் தயாராக இருக்கிறது, தம்பி, இந்த வாரம் நானே வந்து பூட்டித் தருகிறேன். 1.5 மி.மீ. பேடில் பாதித் தாளும், பேஸ்ட் குழாயில் நாலைந்து கார்டுக்குப் போதுமான அளவும் மிச்சம் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். காலிப்பர் மட்டும் அண்ணனுடையது, அதைக் கேட்காதீர்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
கார்டின் இப்போதைய சொந்தக்காரன்