பில்க்ரோவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் மாணவர் பக்கத்துல புதுச் சொல் பகுதியில பில்க்ரோன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை போட்டிருந்தீங்க, அர்த்தம் "பத்தி பிரிக்கும் குறி"ன்னு ஒரே வரி, அவ்ளோதான். யாரும் எடுக்காத ஒரு வார்த்தையை எடுத்துப் போட்டதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஒரு வரியோட விட்டுட்டீங்களேன்னு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

டிடிபி வேலை பாக்குறவங்களுக்கு இந்தக் குறி நல்லா பழக்கம். இங்கிலீஷ் பி (P) எழுத்தை இடது பக்கமா திருப்பி ரெண்டு கால் வெச்ச மாதிரி இருக்கும் (¶), வேர்ட்ல அந்த பட்டனை அமுக்கினா என்டர் தட்டின இடத்துல எல்லாம் வந்து நிக்கும். நாங்க பேரா மார்க்குன்னுதான் சொல்லுவோம். அதுக்குன்னு தனியா ஒரு பேரு இருக்குன்னு உங்க பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுது, அப்புறம் விடாம தேடிப் படிச்சேன், படிக்கப் படிக்க ஆச்சரியம்.

பழைய கிரேக்கத்துல வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாம ஒரே ஓட்டமா எழுதுவாங்களாம், புது விஷயம் எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட ஓரத்துல ஒரு சின்ன படுக்கைக் கோடு மட்டும் போடுவாங்க, அதுக்குப் பேரு பாராகிராஃபோஸ். நாம பேரா பேரான்னு சொல்றது அந்தக் கோட்டோட பேருதான். அப்புறம் லத்தீன்ல எழுதினவங்க தலைப்புங்கற அர்த்தத்துல கபிடுலும்னு ஒரு வார்த்தை வெச்சு, அதோட முதல் எழுத்தான சி-யை மட்டும் போட்டு நடுவுல ஒரு கோடு இழுத்தாங்க, நாளாவட்டத்துல அதோட வயிறு மசியால நிரம்பி கால் நீண்டு இன்னைக்கு இருக்குற உருவம் வந்துச்சு. பேரு வந்தது வேற வழி, பாராகிராஃப்ங்கறதே பழைய பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்குப் போய் ஜனங்க வாயில தேஞ்சு தேஞ்சு பில்க்ரோ ஆயிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்த கட்டம். கையெழுத்துப் பிரதி காலத்துல ஒருத்தர் கருப்பு மசியில எழுதிட்டுப் போவார், பேரா தொடங்குற இடத்துல கொஞ்சம் இடம் விட்டுடுவார், இன்னொருத்தர் வந்து அந்த இடத்துல சிவப்பு மசியில இந்தக் குறியைப் போடுவார். 15-ம் நூற்றாண்டு நடுவுல ஜெர்மனியில மைன்ஸ் ஊர்ல கூடன்பர்க் அச்சு வேலையை ஆரம்பிச்ச பிறகும் இதே பழக்கம்தான், அச்சடிச்ச தாளையும் சிவப்பு மசிக்காரர்கிட்ட குடுக்கணும். புத்தகம் பெருகப் பெருக அவங்களால ஈடுகுடுக்க முடியல, இடம் காலியாவே நின்னுடுச்சு, படிக்கிறவங்களுக்கும் காலி இடம்னா புது பேரான்னு பழகிடுச்சு. அச்சு வரலாறு எழுதினவங்க இப்படித்தான் சொல்றாங்க. உங்க பேப்பர்லயே ஒவ்வொரு பேராவும் கொஞ்சம் உள்ள தள்ளி ஆரம்பிக்குதே சார், அது பில்க்ரோ உக்காந்திருந்த இடம்! இதை ஒரு பிள்ளைகிட்ட சொன்னா அது பேப்பரைப் பாக்குற பார்வையே மாறிடாதா?

1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல இந்தக் குறி வரிசையா வந்துட்டே இருக்கும், அப்போஸ்தலர் நடபடிகள் 20-ம் அதிகாரம் 36-ம் வசனத்தோட நின்னுடும், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒண்ணு கூட கிடையாது. ஏன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல.

நம்ம ஓலைச்சுவடியும் இதே கதைதான், புள்ளி இல்ல, இடைவெளி இல்ல, பாட்டைக் கூட அடி பிரிக்காம தொடர்ச்சியா எழுதியிருப்பாங்க. உ.வே.சா 1887-ல சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தப்ப எவ்ளோ பாடுபட்டிருப்பார்னு இந்தக் குறியை வெச்சே பிள்ளைங்களுக்கு விளக்கலாம்.

பில்க்ரோ எந்தப் பரீட்சையிலயும் வரப்போறதில்ல, பேச்சுலயும் யாரும் சொல்லப்போறதில்ல. அப்படி இருக்க அதை மாணவர் பக்கத்துல போடறதுக்கு இந்தக் கதையைத் தவிர வேற என்ன காரணம் இருக்கு? கதையை விட்டுட்டு அர்த்தத்தை மட்டும் குடுத்தா மனப்பாடம் பண்ண வேண்டிய லிஸ்ட்ல இன்னொண்ணு, ஏற்கனவே அதுங்களுக்கு இருக்குற லிஸ்ட் போதும்.

அடுத்து ஆம்பர்சண்ட் எடுங்க, கடைப் போர்டுல "அண்ட் கோ"ன்னு போடுற அந்தக் குறிதான், லத்தீன்ல "எட்"ங்கற வார்த்தையோட ரெண்டு எழுத்தைப் பின்னிப் போட்டது. இன்டெரோபாங் எடுங்க, கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும், 1962-ல மார்ட்டின் ஸ்பெக்டர்னு நியூயார்க் விளம்பரக் கம்பெனிக்காரர் யோசிச்சது, 1960-கள்லயே டைப்ரைட்டர் கீயா கூட வந்துச்சு. பக்கத்துல இடம் பத்தலேன்னா வாரம் அஞ்சு வார்த்தைக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு போடுங்க, அதை முழுசா போடுங்க. குறியோட படத்தையும் பெருசா போடுங்க சார், போன வாரம் பேரும் அர்த்தமும்தான் இருந்துச்சு, குறியைக் காணோம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி ஆபரேட்டர்,
விருதுநகர்