கம்பியை மட்டும் விட்டுவையுங்கள்

டோக்கியோவில் உட்கார்ந்து டோஹோ சினிமா நிறுவனத்தின் பழைய ராட்சதப் படச் சுருள்களைத் துடைத்து, ஸ்கேன் செய்து, டிஸ்க்குக்கு அனுப்புகிறவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, நீங்கள் தமிழ் படிக்கப்போவதும் இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கும் ஆட்கள் இங்கேயும் நாலு பேர் இருக்கிறோம்.

முதலில் நன்றி. 1954இல் வந்த முதல் காட்ஸில்லாவை நான் பார்த்தது மங்கிப்போன ஒரு காப்பியில், அதுவும் அசல் படம் இல்லை. 96 நிமிடப் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்கிற நடிகரை நடுவில் செருகி, அமெரிக்காவில் 1956இல் 80 நிமிடமாக ஓட்டினார்களே, அது. முழுப் படத்தையும் நல்ல பிரதியில் பார்த்த அன்றைக்குத்தான் அந்த மிருகத்தின் தோலையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அணுகுண்டு வீச்சில் பிழைத்தவர்களின் உடம்பில் இருந்த தழும்பை மனதில் வைத்துச் செய்த தோல் அது என்று படித்திருந்தேன். ஆனால் பழைய காப்பியில் தெரிந்ததெல்லாம் ஒரு கருப்புப் பூசணிக்காய் நடந்து போவதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படம் துல்லியமாகத் துல்லியமாகக் கம்பியும் தெரிகிறது. ஜெட் விமானங்களைத் தொங்கவிட்ட கம்பி, 1964இல் வந்த கிடோரா என்கிற பறக்கும் ராட்சதனின் மூன்று தலைக்கும் இரண்டு வாலுக்கும் இறக்கைக்கும் மேலிருந்து ஆட்கள் பிடித்து இழுத்த கம்பி, எல்லாம். உடனே ரசிகர்களில் ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது: கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமே, ஒரு நாள் வேலைதானே, இப்போதைய பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று. அவர்கள் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தூசியைத் துடையுங்கள், கீறலை எடுங்கள், ஆடுகிற படத்தை நிறுத்துங்கள், வெளுத்த நிறத்தை மீட்டுக் கொடுங்கள். அதெல்லாம் காலம் செய்த சேதம். கம்பி காலம் செய்ததில்லை. இந்தப் படங்களின் தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயாவின் ஆட்கள் உத்தரத்தில் ஏறி நின்று கட்டியது அது, பின்னணிக்கு ஏற்றபடி அதற்கு வண்ணமும் பூசினார்கள். அதை அழித்தால் அவர்கள் வேலையில் ஒரு பகுதியை அழித்த மாதிரிதான்.

இதில் நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தியேட்டரில் ஓடிய பிரதி, கேமராவில் ஓடிய அசல் நெகடிவிலிருந்து இரண்டு மூன்று தலைமுறை தள்ளி, பிரதியிலிருந்து எடுத்த பிரதி. ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கூர்மை போய்விடும், அதோடு மெல்லிய கம்பியும் போய்விடும். ஆகவே 1964இல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் பார்க்காத கம்பியை நாம்தான் இன்று நெகடிவுக்குள் புகுந்து பார்க்கிறோம், சுபுராயா அதைக் காட்ட நினைக்கவே இல்லை, அப்படியிருக்க மறைத்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் அதற்கு மருந்து அழிப்பது இல்லை. அன்றைய பிரதியின் இருட்டையும் கான்ட்ராஸ்டையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இரவுக் காட்சியை டிவிக்காக வெளுக்க வைக்காமல் இருந்தாலே பாதிக் கம்பி தானாக இருட்டுக்குள் போய்விடும். மிச்சம் தெரிவது தெரியட்டும்.

கிரெய்ன், அதாவது ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடியான சொரசொரப்பு, அந்த விஷயமும் அப்படித்தான். ராட்சதனும் ஓடுகிற ஜனமும் ஒரே சட்டகத்தில் வரும் காட்சிகள் இரண்டு படங்களைச் சேர்த்து மறுபடி ஃபிலிமில் எடுத்தவை, அதனால் அந்த இடங்களில் படம் சட்டென்று சொரசொரப்பாகும், அழுக்கும் கூடும். அந்த அழுக்கு முதல் நாள் முதல் காட்சியிலேயே இருந்தது. எனக்கு அது பழகிப்போய், திரை சொரசொரத்தாலே ஏதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். (வீட்டில் சிரிப்பார்கள்.) முழுப் படத்தையும் ஒரே வழவழப்பாக்கினால் அதுவும் போகும், நடிகர்கள் முகமும் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும்.

உங்களுக்குத் தெரியாத கதையா? 1962இல் வந்த கிங் காங்கும் காட்ஸில்லாவும் மோதும் படத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வெளியீட்டில் மட்டும் ஜப்பானில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த படம். 1970இல், சுபுராயா இறந்த அதே வருடம், பள்ளி விடுமுறைக்குச் சிறுவர்களுக்காகக் கார்ட்டூன்களோடு சேர்த்து ஓட்டும் சாம்பியன் திருவிழாவுக்கு அதைக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் 97 நிமிடம் பொறுமையாக உட்கார மாட்டார்கள் என்று 74 நிமிடமாக்கினார்கள். வெட்டியவர் வேற்று ஆள்கூட இல்லை, படத்தை எடுத்த இஷிரோ ஹோண்டாவேதான். அவர் வெட்டியது ஒரு காப்பியை என்றால் பரவாயில்லை. கத்தரி போட்டது அசல் நெகடிவில். அதற்கப்புறம் வீட்டு வெளியீடுகளில் அந்த வெட்டுப்பட்ட இடம் வரும்போதெல்லாம் படம் திடீரென்று மங்கி வேறு நிறத்துக்குப் போகும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். துண்டுகளைத் தேடிப் பிடித்து, சேர்த்து, 2016இல் முழுப் படத்தையும் 4கே என்கிற உயர் துல்லியத்தில் கொண்டுவந்தீர்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

அந்தக் கத்தரியைப் பிடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்றைய பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். இன்று கம்பியை அழிக்கச் சொல்பவர்களும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியும் யாருக்காவது கம்பி இல்லாமல்தான் பார்க்க வேண்டும் என்றால், டிஸ்க்கில் இரண்டாவது தேர்வாக வையுங்கள், எனக்குச் சண்டை இல்லை. முதலில் வருவது அசலாக இருக்கட்டும்.

இன்னொன்று. சோஃபுவில் 1955இலிருந்து இயங்கிய டோக்கியோ லேபரட்டரி என்கிற ஃபிலிம் லேபை 2023இல் மூடிவிட்டார்கள், பழைய படங்களைப் பேணும் வேலை டோஹோவின் ஆர்க்கைவ் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. லேபில் கண்ணால் பார்த்து நிறம் திருத்திப் பழகிய மூத்தவர்கள் இன்னும் எத்தனை நாள் வேலையில் இருப்பார்கள்? இரவுக் காட்சி எவ்வளவு இருட்டாக இருந்தது என்று மீட்டரைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் அதையே டிஸ்க்கில் ஒரு பேட்டியாகப் போடுங்கள். டிரெய்லர் தொகுப்பை விட அது நூறு மடங்கு மேல். அப்புறம் ஒலி. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே தோல் கையுறையைக் கான்ட்ராபாஸ் என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் நரம்பில் இழுத்து உண்டாக்கிய உறுமல் ஒற்றை ஸ்பீக்கரில்தான் வந்தது. ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்ததைக் கொடுங்கள், அந்த ஒற்றை ஸ்பீக்கர் மோனோவைத் தூக்கிவிட்டுக் கொடுக்காதீர்கள்.

சப்டைட்டில் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜப்பானில் வரும் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் ஆங்கில எழுத்துகூட இருக்காது, விலையோ எங்கள் ஊர்க் கணக்குக்குக் கண்ணைக் கட்டும். அமெரிக்காவில் பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2019இல் 1954 முதல் 1975 வரையான 15 படங்களையும் ஒரே பெட்டியில் போட்டது, நல்ல காரியம். ஆனால் அதில் கிங் காங் படத்துக்கு முதல் இடம் அமெரிக்க வடிவத்துக்கு, ஜப்பானிய வடிவம் இணைப்புகளோடு சேர்ந்து கடைசி டிஸ்க்கில். உரிமைச் சிக்கல் எனக்கும் புரிகிறது. என்றாலும் இவ்வளவு பாடுபட்டு ஒட்டிச் சேர்த்த படம் இப்படிப் பின்வரிசையில் உட்காருவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. நீங்கள் போடும் 4கே டிஸ்க்கிலேயே ஆங்கிலத்தில் ஒரு சப்டைட்டில் வையுங்கள், போதும், உலகம் முழுக்க நேராக உங்களிடமே வாங்கிக்கொள்வோம்.

கடைசியாக, சின்ன விஷயம். ப்ளூ-ரே டிஸ்க்குக்கு நாட்டு வாரியாக ரீஜன் என்று ஒரு பூட்டு உண்டு: ஜப்பானும் அமெரிக்காவும் ஏ ரீஜன், இந்தியா சி. ஆசையாக வரவழைத்த ஒரு டிஸ்க் ஆறு மாதமாக என் அலமாரியில் அட்டைப்படம் காட்டிக்கொண்டு இருக்கிறது, பிளேயர் அதை உள்ளே வாங்கி உடனே துப்பிவிடுகிறது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு கிடையாது, சந்தோஷம். ஆனால் பேட்டியும் மற்ற இணைப்புகளும் கூடவே வரும் ப்ளூ-ரேயில் போய் மாட்டிக்கொள்கின்றன. அந்த லேப் மூத்தவர்களின் பேட்டியை எடுத்தீர்களானால் தயவுசெய்து 4கே டிஸ்க்கிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்பியைத் தேடித் தேடிப் பார்க்கும் ஒரு ரசிகன்