செயற்கை நுண்ணறிவும் கூட்டு நினைவும்: ஆய்வு ஆலோசனைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

முனைவர் பட்ட ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

தமிழ், வரலாறு, சமூகவியல், ஊடகவியல், கணினியியல் என எந்தத் துறையானாலும் ‘செயற்கை நுண்ணறிவும் தமிழர் கூட்டு நினைவும்’ என்ற சாயலில் ஒரு தலைப்பாவது இப்போது பதிவுக்கு வருகிறது. தலைப்பு காலத்துக்கு வேண்டியதுதான். கோளாறு ஆய்வுச்சுருக்கத்தில் இருக்கிறது. முதல் இயலில் கூட்டு நினைவு பற்றி 1925இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஹால்ப்வாக்ஸ் சொன்னது. இரண்டாம் இயலில் வாய்வழி நினைவு மூன்று தலைமுறைக்கு மேல் தாங்காது என்ற ஜெர்மானிய ஆய்வாளர் யான் அஸ்மனின் வரையறை. மூன்றாம் இயலில் ஓர் உரையாடு செயலியிடம் ஐம்பது கேள்வி, பதில்களின் திரைப்பிடிப்பு. நான்காம் இயலில் ‘இயந்திரம் நம் வரலாற்றை மறந்துவிட்டது’ என்ற தீர்ப்பு. இந்த அமைப்பில் வரும் சுருக்கத்தை அப்படியே ஏற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

‘மறந்துவிட்டது’ என்ற தீர்ப்புக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். செய்தி எழுத்திலேயே ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறியும், வருடிய படமாகவோ பழைய எழுத்துருக் குறியாக்கத்திலோ கிடக்கலாம். இயந்திரம் படித்ததே உடைந்த எழுத்தாக இருந்திருக்கலாம். சரியாகப் படித்த பிறகும், பதில் சொல்லப் பழக்கும் கட்டத்தில் சர்ச்சைக்குரியது என்று ஒதுங்கிப் போயிருக்கலாம். முதலாவதற்குத் தீர்வு களப்பணி, இரண்டாவதற்குக் குறியாக்க மாற்றம், மூன்றாவதற்கு மெய்ப்புத் திருத்தம், நான்காவதற்குச் செயலியின் பின்னால் இயங்கும் மொழி மாதிரியைப் பழக்கும் முறை பற்றிய விசாரணை. எந்தக் காரணம் என்று பிரித்துச் சொல்லாத ஆய்வேட்டை வைத்துக்கொண்டு நூலகமும் எதுவும் செய்ய முடியாது, கணினித் துறையும் எதுவும் செய்ய முடியாது.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் இரண்டு வழிகளில் நம்மிடம் வந்திருக்கிறது. ஒன்று ஆங்கில அரசு ஆவணம்: நிவாரணக் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது, நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயை அடையாறு வரை வெட்டியது போன்றவை அதில் வரும். இன்னொன்று கும்மி, சிந்து, ஒப்பாரி என்று பாடிப் பாடி வந்தது. இயந்திரத்திடம் கேட்கும்போது ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றும், ‘1876-78 சென்னை மாகாணப் பஞ்சம்’ என்றும் தனித்தனியே தமிழில் கேட்க வேண்டும். பிறகு அதே இரண்டையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். ஆண்டு போட்டுக் கேட்டால் தெளிவாகவும், ஆண்டுப் பெயர் சொல்லிக் கேட்டால் தடுமாறியும் பதில் வருகிறது என்றால், இயந்திரத்திடம் சேர்ந்திருப்பது அரசு ஆவணத்தின் பஞ்சம், பாட்டின் பஞ்சம் சேரவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தாது ஆண்டு அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும்: 1816, 1876, 1936, 1996. வாய்மொழிச் சான்றில் வரும் ‘தாது’ எந்தச் சுற்று என்பதை மாணவர்தான் முடிவு செய்து குறிக்க வேண்டும். அதை இயந்திரத்திடம் விட்டால் ஏதோ ஒரு ஆண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

தரவுத்தொகுப்பில் தேடுவதும் அவ்வளவு எளிதில்லை. ‘பஞ்சம்’ என்று மட்டும் தேடினால் பஞ்சத்தில், பஞ்சத்தால், பஞ்சங்கள் எல்லாம் விடுபடும். சரி, ‘பஞ்ச’ என்று முன்னொட்டாகத் தேடலாம் என்றால் பஞ்சமர், பஞ்சாயத்து, பஞ்சாங்கம், பஞ்சபாண்டவர் என்று ஊரே கூடிவிடும். பஞ்சம், பஞ்சமும், பஞ்சத்த, பஞ்சங்க என்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தேட வேண்டும். வருஷம், வருசம், வருடம் என்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். இந்தப் பட்டியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இல்லையென்றால் ‘இத்தனை முறை வருகிறது’ என்ற எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது.

அடுத்தது குறியாக்கம். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) முறைப்படி ஏற்றதே 2010இல். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இணையத்தில் எழுதப்பட்ட தமிழில் நிறையவே திஸ்கி, தாப், தாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் போர்க்காலத்தில் எழுதியவற்றில் கணிசமானவை இந்த அடுக்கில்தான் கிடக்கின்றன. பாமினியில் தட்டிய பக்கத்தை எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மொழியைக் கண்டறியும் வடிகட்டி அதைத் தமிழ் என்று அடையாளம் காணாது, குப்பை என்று தள்ளிவிடும். இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது பக்கங்களே காணாமல் போனது தனிக்கதை. எனவே ‘இணையத்தில் ஈழப்போர் நினைவு’ என்று தலைப்பு வைக்கும் மாணவர், பழைய குறியாக்கப் பக்கங்களை எப்படித் தேடி எடுத்தார், எதைக் கொண்டு மாற்றினார் என்று சொல்லியாக வேண்டும். சொல்லவில்லையென்றால் அவர் ஆராய்ந்தது ஒருங்குறியில் எழுதப்பட்ட நினைவை மட்டுமே. தலைப்பில் அதை எழுதட்டும்.

ஒருங்குறிக்குள்ளும் பள்ளங்கள் உண்டு. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே உயிர்க்குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதை ஒருங்குறியின் இயல்பாக்க நிரல் சரிசெய்துவிடும். ஆனால் ‘கௌரவம்’ என்பதை ககரத்தின் முன் கொம்பும் பின்னால் ளகரமுமாகத் தட்டி, ‘கெளரவம்’ என்று ஆக்கியிருப்பார்கள். அதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது, சொற்பட்டியல் வைத்துத்தான் திருத்த வேண்டும். ஶ்ரீயிலும் ஸ்ரீயிலும் இதே சிக்கல். பழைய நூல்களில் துணைக்கால் ‘ா’ வரவேண்டிய இடத்தில் ரகரம் தட்டப்பட்டிருக்கும். ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும் வேலைதான். அந்த ஒரு நாளைச் செலவிடாமல் மூன்று ஆண்டு ஆய்வை அதன் மேல் கட்டுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வருடிய படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகச் சேதம் இங்கேதான். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது மாறியவை ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள். ‘குடிஅரசு’ இதழில் பெரியார் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார், மற்ற அச்சகங்கள் பழையதிலேயே நின்றன. இன்றைய அச்சில் பழகிய எழுத்துணரி பழைய னா, றா வடிவங்களில் தடுக்கி விழும். லை, னை ஆகியவற்றின் மேல் சுழித்த கொம்பை வேறெதுவாகவோ எடுத்துக்கொள்ளும். விளைவு என்ன? 1930களின் இதழ்களில் சில மட்டும் சுத்தமாக வாசிக்கப்பட்டு, எஞ்சியவை சிதைந்து வரும். பிறகு மாணவர் எண்ணிப் பார்த்து, அந்தக் காலத்தில் ஒரு தரப்பின் குரலே ஓங்கியிருந்தது என்று எழுதுவார். ஓங்கியிருந்தது அச்செழுத்தின் வடிவமாக இருக்கலாம். ஓலைச்சுவடி என்றால் புள்ளியும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அதைத் தானியங்கி வாசிப்புக்கு விடும் ஆய்வுக்குச் சுவடி படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இணை நெறியாளராக இல்லாமல் ஒப்புதல் தராதீர்கள்.

பிழை வீதத்தை அளக்கும் முறை எளிது. பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பிரித்து, தொகுதிக்கு 20 பக்கம் குலுக்கலில் எடுத்து, இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து ஒப்பிட வேண்டும். அந்தச் சரியான படியோடு எழுத்துணரியின் படியை வைத்து எழுத்துப் பிழையையும் சொற்பிழையையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். நூறு எழுத்துக்கு ஐந்து பிழை என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிழைகள் பரவலாக விழுந்தால், ஏழெழுத்துச் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உடைந்திருக்கும் என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபெல்லாம் ஒட்டி நீளும் என்பதால் அடி இங்கே பலமாக விழுகிறது. ‘நூலகம்’ என்ற ஈழத்தமிழ் மின்னூலகம், மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பாடங்களுக்கும் எது தட்டச்சு, எது எழுத்துணரி, எது மெய்ப்புப் பார்த்தது என்று ஒவ்வொரு கோப்புக்கும் குறிப்பு வேண்டும்.

வாய்மொழிப் பதிவுகளில் வேறு வகைக் கோளாறு. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற பேச்சுணரிகள் மௌனத்தில் வாக்கியங்களை இட்டுக்கட்டுவது அறியப்பட்ட குறை. இழப்பைச் சொல்லும் ஒருவர் பேச முடியாமல் நிற்கும் இடம் ஆய்வாளருக்கு மிக முக்கியமான இடம். அங்கே இயந்திரம் ஒரு வாக்கியத்தைப் போட்டு நிரப்பியிருக்கும். வழக்குச் சொற்கள் எழுத்துத்தமிழுக்கு இழுக்கப்படுவது இன்னொன்று. யாழ்ப்பாணத்தவர் ‘அவை வந்தவை’ என்றால் ஆட்கள் வந்தார்கள் என்று பொருள். மொழிபெயர்ப்பு மாதிரி அதைப் பொருள்கள் என்று எடுத்துக்கொண்டால் வந்தவர் யார் என்ற சாட்சியமே போய்விடும். மௌனங்களுக்கு நேரக்குறி இட்டு, பேச்சுணரியின் படியை ஒலியோடு வைத்து முழுமையாக ஒருவர் கேட்டுச் சரிபார்த்தாக வேண்டும். மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டேன் என்பது போதாது.

சாட்சியங்களை வெளிநாட்டுச் சேவையகத்தில் ஏற்றிவிட்டு ‘பெயரை நீக்கிவிட்டோம்’ என்பதையும் ஏற்காதீர்கள். குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். விஸ்பரை இணைய இணைப்பு இல்லாமல் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், அதனால் சாக்குச் சொல்ல இடமில்லை. ஒப்புதல் படிவத்தில் பதிவு செய்ய, எழுத்தாக்க, ஆவணக் காப்பகத்தில் வைக்க, மாதிரியைப் பழக்கப் பயன்படுத்த என்று நான்குக்கும் தனித்தனிக் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் தனிநபர் தரவைப் பற்றிப் பேசுகின்றன. படிவத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குழுவின் வேலை. பதிப்புரிமையும் அப்படியே: ஆசிரியர் மறைந்து இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு. எல்லை தாண்டிய தொகுப்பில் இது எப்போதும் குழம்பும்.

இயந்திரத்திடம் கேட்கும் பகுதிக்கு வருவோம். எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, வெப்ப அளவு (பதில் எவ்வளவு தற்செயலாக மாறலாம் என்ற அமைப்பு) எவ்வளவு, வலைத்தேடல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பவை ஒவ்வொரு பதிலோடும் பதிவாக வேண்டும். தேடல் திறந்திருந்தால் கிடைப்பது அன்றைய இணையத்தின் பதில், மாதிரியின் நினைவாகக் கொள்ள முடியாது. முன் கேள்வியின் நிழல் விழாமலிருக்க ஒவ்வொரு கேள்வியையும் புதிய உரையாடலில், குறைந்தது பத்து முறை கேட்க வேண்டும். பதில்களை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, உடன்பாட்டைக் கோகனின் கப்பா அளவால் காட்ட வேண்டும். நிறுவனங்கள் பழைய பதிப்புகளை நிறுத்திவிடும். மூன்று ஆண்டு கழித்து வாய்மொழித் தேர்வில் அதே பதிலை வரவழைக்க முடியாது. ஆகவே எடைகள் (மாதிரியின் உள் எண்கள்) வெளியிடப்பட்ட, இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு மாதிரியாவது ஒப்பீட்டில் இருக்கட்டும்.

சரிபார்க்க விக்கிப்பீடியாவை மட்டும் நம்புவது பெரிய ஓட்டை. மாதிரி அதைப் படித்துத்தான் வந்திருக்கும். வினாத்தாளைப் பார்த்தவனை அதே வினாத்தாளால் சோதிப்பது போன்றது அது. போதாக்குறைக்கு, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் மொழிபெயர்த்துக் குவித்ததும், நடை பற்றியும் தலைப்புத் தேர்வு பற்றியும் தமிழ் விக்கிப்பீடியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நடந்திருக்கிறது. இப்போது இயந்திரம் எழுதிய தமிழே இணையத்தில் பெருகி, அடுத்த மாதிரிக்கு உணவாகிறது. உரையாடு செயலிகள் பரவத் தொடங்கிய 2022 முடிவுக்கு முன் பதிவானவை, பின் பதிவானவை என்று தொகுப்பை இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

குழுக்களிடம் இருப்பது எழுத்துத் திருட்டைக் கண்டறிய ஒப்பிடும் மென்பொருளும், ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் என்ற வரம்பும். இந்தக் குறைகளில் ஒன்றைக்கூட அது பிடிக்காது. அதற்குப் பதில் முதல் அரையாண்டு முன்வைப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: கோப்புவாரி மூலக் குறிப்பேடு, பிழை வீத அட்டவணை, முழுக் கேள்வி பதில் கோப்பு. தேர்வாளர் இருவரில் ஒருவர் மூலப் பாடங்களில் தோய்ந்தவராகவும் மற்றவர் கணினி மொழியியல் அறிந்தவராகவும் இருக்கட்டும். தரவை வைக்கப் பல்கலைக்கழகச் சேவையகத்தில் இடமும், மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பக்கக் கணக்கில் கூலியும் நிதித் திட்டத்தில் தனித் தலைப்பாக வர வேண்டும். இப்போது அந்தச் செலவை மாணவர் தன் உதவித்தொகையிலிருந்து எடுக்கிறார், அல்லது வேலையையே விட்டுவிடுகிறார். அடுத்த பதிவுச் சுற்றுக்கான படிவத்தில் இந்த இரண்டு செலவு வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தமிழ் மின்னுருவாக்கத்திலும் மொழிக் கணிமையிலும் பணிபுரிவோர் சிலர்