புகைப்படச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பொங்கலை ஒட்டிப் படக் கண்காட்சி வைத்தோம். வேடந்தாங்கல் போய் வந்தோம்.

உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்கச் சங்கம் வாங்கிய 15 மடங்கு ஜூம் கேமரா பற்றிய பேச்சுக்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "125 மடங்கு ஜூம் இருக்கும்போது 15 மடங்கு எதற்கு?" என்று உறுப்பினர் மூவர் கேட்டார்கள். அந்த 125 மடங்கு நிக்கான் பி1000. எடை 1,415 கிராம். தோளில் மாட்டலாம், பாக்கெட்டில் போகாது. நாம் வாங்கியது 340 கிராம், குவியத் தூரம் 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 24–360 மி.மீ. இந்த எண் கூடக்கூடப் பறவை நெருங்கித் தெரியும்.

பாக்கெட்டுக்குள்ளேயே 40 மடங்கு, 960 மி.மீ. வரை போகும் கேனான் எஸ்எக்ஸ்740 இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, 299 கிராம்தான். ஆனால் அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, சுமார் 28 சதுர மி.மீ. நம்முடையது 1 அங்குல வகை, 116 சதுர மி.மீ. சென்சார் பெருத்தால் லென்ஸும் பெருத்தாக வேண்டும்: நம் சென்சாரில் ஃபிலிம் கணக்கின் 960 காட்ட உண்மையில் 350 மி.மீ. லென்ஸ் தேவை. ஒளி நுழையும் திறப்பு எஃப்/6.9 போதும் (குவியத் தூரத்தை 6.9ஆல் வகுத்த அகலம்) என்றாலும் முன்கண்ணாடி 5 செ.மீ. அகலத்துக்குக் குறையாது. எந்த பாக்கெட் தாங்கும்? சின்ன சென்சாரிலோ, வெயில் இறங்கியதும் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு ஏறி நாரையின் இறகு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பறவைக்கு 360 போதாது என்பது உண்மை. ஆனால் 20 மெகாபிக்சலில் நடுவிலுள்ள கால் பங்கை மட்டும் வெட்டி எடுத்தால் 720க்குச் சமம். மிஞ்சும் 5 மெகாபிக்சல் 10க்கு 8 அங்குல அச்சுக்குக் காணும். கேள்வி கேட்ட மூவரும் வேடந்தாங்கல் வரவில்லை. அதில் இருவருக்கு இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி.

இரவல் எடுப்போர் கவனத்துக்கு: முழு ஜூமில் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள், ஷட்டர் வேகம் 1/250 வினாடியைவிட மெதுவாக இறங்க வேண்டாம். நண்பகலில் ஏரிமேல் சூடான காற்று அலையும். எந்த ஜூமிலும் படம் தெளியாது, காலையிலேயே எடுத்துவிடுங்கள். புழுதியில் லென்ஸை நீட்டி மடக்காதீர்கள். குழாய் நீளும்போது காற்றோடு தூசியையும் இழுக்கும். லென்ஸ் கழலாத கேமரா என்பதால் சென்சாரைத் துடைக்க மொத்தமாகப் பிரிக்க வேண்டும். இப்போதே எஃப்/8 திறப்பில் வானத்தை எடுத்தால் இடது மூலையில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. கடைசியாகக் கொண்டுபோனவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்கட்டிப் போயின. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இடம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

தூசி எடுக்கும் கூலிக்குக் கையிருப்பு போதாது. பாக்கிச் சந்தா வந்தால் போதும். அதுவரை கேமரா என் வீட்டு அலமாரியில் இருக்கும். வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்பதானால் சாவியைத் தரத் தயார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இவண்,
செயலாளர்