ஸ்காலர்ஷிப் எல்லாம் உதவித்தொகை ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஸ்காலர்ஷிப்' என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'உதவித்தொகை' என்று எழுதிவிடுவது நம் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள் உண்டு: ஒருவர் நெடுங்காலம் கற்றுத் தேர்ந்து பெற்ற புலமை ஒன்று, கற்பதற்காக அவருக்கு வழங்கப்படும் பணம் மற்றொன்று. ஒரு பேராசிரியரின் 'ஸ்காலர்ஷிப்' பெரிது என்று ஆங்கிலத்தில் எழுதினால், அது அவருடைய ஆய்வுப் புலமையைப் பாராட்டுவதே அன்றி, அவர் பெற்ற பணத்தைப் பற்றிய பேச்சன்று. 'ஸ்காலர்' என்பதும் அப்படித்தான். விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் 'டே ஸ்காலர்' அறிஞர் அல்லர், மாணவர்.

பணத்தைக் குறிக்கும் இடத்திலும் 'உதவித்தொகை' எனக்கு நிறைவளிக்கவில்லை. தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்ந்தெடுக்கப்படும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 1,500 பேருக்குத் தமிழக அரசு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்குகிறது. படித்து, போட்டியிட்டு, வென்று பெறும் அந்தத் தொகைக்கும், ஆதரவற்ற முதியோருக்கு வழங்கப்படும் தொகைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளையின் உழைப்பு அந்தப் பெயரில் எங்கே தெரிகிறது?

இலங்கைத் தமிழர் இதற்குப் 'புலமைப்பரிசில்' என்கிறார்கள். அங்கே ஐந்தாம் தரத்து, அதாவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையின் பெயரே புலமைப்பரிசில் பரீட்சைதான். பத்து வயதுக் குழந்தையும் வீட்டில் இயல்பாகச் சொல்லும் சொல் அது. ஆங்கிலச் சொல்லின் இரு பொருளும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. 'பரிசில்' என்பதோ சங்கப் புலவர்கள் தம் புலமைக்காக வள்ளல்களிடம் பெற்றது. தம்மை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் என்றால், புலமையை மதித்துத் தருவதே பரிசில் என்பது அவர் கொள்கை.

குடும்ப வருமானத்தைக் கருதி வழங்கப்படுவதை உதவித்தொகை என்றே எழுதலாம். அதில் தவறில்லை, அதனால் இழிவும் இல்லை. ஆனால் தேர்வெழுதி வென்ற மாணவர்களின் படத்தை அடுத்த முறை தாங்கள் வெளியிடும்போது, தலைப்பில் 'புலமைப்பரிசில்' என்று அச்சிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மதுரை.