ஊஞ்சலும் ‘ஏழு மணி’யும்

அன்புள்ள சேது,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டாதே. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பேத்தி நடக்கிறாள். மற்றபடி சேதி ஒன்றுதான், ஆனால் அது மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நம்ம ‘ஏழு மணி’ வீட்டுக்கு வந்திருந்தார்.

அம்மா காலத்துத் தேக்கு ஊஞ்சலுக்கு பாலிஷ் போட கமலாதான் யாரிடமோ சொல்லி ஆள் வரவழைத்தாள். வந்து நின்றவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே சிவந்த கண், அதே அழுக்குச் சட்டை. உப்புத்தாள் போட்டுப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் பேப்பரை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் குப்பென்று அந்த நாற்றம்! காலை பதினோரு மணிக்கே நம் பேங்க் கவுன்டரில் சாயங்காலம் ஏழு மணியைக் கொண்டுவந்து நிறுத்துமே, அதேதான். நடுவீட்டில் குடிக்கிறானா என்று வேகமாக எழுந்து போனேன்.

ராத்திரியே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கொண்டுவந்த அரக்கைப் பஞ்சில் நனைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, பலகையில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் ஆவியாகிவிடுமாம், அரக்கு மட்டும் மரத்தில் தங்குமாம். நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துச் சிரித்தார். “இதைக் குடிச்சா கண்ணே போயிரும் சார். நான் வெத்தலைகூடப் போடுறதில்ல.”

நீயும் நானும் எத்தனை வருஷம் சிரித்திருப்போம், சேது! பெயர் வைத்தது நீ. பரப்பியது நான்.

அவருக்கு என்னை நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. பட்டறைக்கு ஐயாயிரம் கேட்டு மூன்று தடவை வந்ததும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசியதும். பிறகு கந்துவட்டிக்கு வாங்கி ஆறு வருஷம் கட்டினாராம். கை நிற்காமல் தேய்த்துக்கொண்டே, பக்கத்துத் தெரு சங்கதி மாதிரி சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு விதிமுறை பேசித் தப்பித்திருப்பேன்.

அதே மாதம் ஜவ்வாது மணக்க, தும்பைப்பூ வேட்டியில் வந்த லாரிக்காரருக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கையெழுத்துப் போட்டோமே, அது வாராக்கடன் ஆனதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மெமோ வந்தது எனக்கு, பதவி உயர்வு வந்தது உனக்கு! அந்தக் கணக்கு தனி.

இப்போது ஒன்று கேட்கிறேன், யோசித்து எழுது. அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது என்ன காரணம் எழுதினோம்? ‘குடிப்பழக்கம்’ என்று எழுதியிருக்க முடியாது. வேறு ஏதோ மரியாதையான வார்த்தை போட்டோம். மூன்று நாளாக யோசித்தும் பிடிபடவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

பூச்சு நன்றாகக் காயட்டும், ரெண்டு நாளைக்கு யாரும் உட்காராதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன்,
ராமு